குரோனோகிராஃப் காட்டும் வேகம் ஏன் தாறுமாறாக வருகிறது?

ஒரே பவுடர், ஒரே எடை, ஒரே குண்டு, ஒரே உட்காரலில் நிரப்பிய தோட்டாக்கள். ரேஞ்சில் சுட்டால், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியின் திரையில் வருவது இது: விநாடிக்கு 812, 815, 809, 784, 813 மீட்டர். நான்கு எண்கள் ஒட்டி நிற்கின்றன, ஒன்று மட்டும் தனியே போய் விழுகிறது. ரைஃபிள் தோட்டாக்களைக் கையால் நிரப்புகிற எவருக்கும் பழக்கமான தொல்லை இது. உடனே பவுடர் எடையைக் கூட்டலாமா குறைக்கலாமா, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) பிராண்டை மாற்றலாமா என்றுதான் யோசனை ஓடும். அது அவசரம் என்பது என் உறுதியான கருத்து. அந்த 784 தோட்டாவிலிருந்து வந்ததா, அளந்த கருவியிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் லோடில், அதாவது பவுடர், பிரைமர், குண்டு ஆகியவற்றின் சேர்க்கையில், எதையும் தொடக்கூடாது. பிரித்துப் பார்க்க வழிகள் இருக்கின்றன. அவை கஷ்டமானவையும் அல்ல.

திரையில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று தோட்டாவுக்குத் தோட்டா நிஜமாகவே மாறும் வேகம், மற்றது கருவியின் பிழை. இவை நேரடியாகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகத்தான் கூடும். எஸ்.டி. என்று எல்லோரும் சொல்லும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தோட்டாவில் 4, கருவியில் 3 என்றால் திரையில் தெரிவது 7 அல்ல, 5. கருவியின் பிழை 8 ஆக இருந்தால் திரையில் கிட்டத்தட்ட 9 வரும். அந்த நிலையில் மெனக்கெட்டுத் தோட்டாவின் விலக்கத்தை 4-லிருந்து 3-க்குக் கொண்டுவந்தாலும் திரையில் 8.9 என்பது 8.5 ஆகும், அவ்வளவுதான். செய்த வேலைக்குப் பலன் இல்லை என்று தோன்றும். பலன் இருக்கிறது, அதைக் காட்டும் திறன்தான் கருவிக்கு இல்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. தோட்டா நிரப்பும் கையேட்டில் போட்டிருக்கும் வேகத்தைவிடத் திரையில் விநாடிக்கு 25 மீட்டர் குறைவாக வந்தால், "இன்னும் கொஞ்சம் பவுடர் போட இடம் இருக்கிறது" என்று பொருள் கொள்ளவே கூடாது. கையேட்டில் இருப்பது அவர்களுடைய சோதனை பேரலில் வந்த வேகம். அது பெரும்பாலும் 24 அங்குல நீளம் கொண்டது. பேரல் ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் வேகம் சுமார் 6 முதல் 9 மீட்டர் வரை குறையலாம் என்பதால், 20 அங்குல பேரலில் அந்த 25 மீட்டர் வித்தியாசம் இயல்பாகவே வந்துவிடும். அதோடு கருவியும் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். உச்ச அளவை நெருங்கும் இடத்தில் அழுத்தம் வேகத்தைவிட மிக விரைவாக ஏறும். ஆகவே எல்லை என்பது கையேடு சொல்லும் பவுடர் எடைதான், வேகம் அல்ல. மறுபக்கமும் உண்டு. ஏறக்குறைய அதே நீளமுள்ள பேரலில், கையேட்டின் உச்ச வேகத்தைவிடத் தெளிவாக அதிகமாக வந்தால், அழுத்தமும் அதிகம் என்றே எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். அப்புறம், சத்தம் மந்தமாகவும் உதை குறைவாகவும் இருந்து திரையில் மிகக் குறைந்த வேகமோ பிழைச் செய்தியோ வந்தால், கருவியைக் குறை சொல்லிக்கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றக்கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கருவியின் பக்கம்

பழைய வகை, இன்றும் மலிவாகக் கிடைக்கும் வகை, ஒளி சென்சார் குரோனோகிராஃப். குண்டு முதல் சென்சாருக்கு மேலே போகும்போது நிழல் விழுகிறது, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரண்டாவதன் மேலே போகும்போது நிற்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். இவ்வளவு எளிமையான வேலையில் பிழை எங்கே வரும் என்று கேட்கலாம். எண்களைப் போட்டுப் பார்த்தால் புரியும். சென்சார்களுக்கு இடையே 61 செ.மீ., வேகம் விநாடிக்கு 810 மீட்டர் என்றால், குண்டு அந்த இடைவெளியைக் கடக்க ஆகும் நேரம் 0.75 மில்லிவிநாடி. அந்த 61 செ.மீ.யில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ வேகம் 1.3 மீட்டர் மாறிவிடும்.

மில்லிமீட்டர் எப்படி மாறும்? சென்சார் இடம் மாற வேண்டியதில்லை, குண்டின் எந்தப் பகுதியைக் கண்டு சென்சார் விழித்துக்கொள்கிறது என்பது மாறினால் போதும். 30 காலிபர் குண்டு ஒன்று சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும். அதன் முனை கூர்மையானது, நிழலும் மெலிதாகத்தான் விழும். வானம் சீராக வெளிச்சமாக இருந்து, குண்டும் சென்சாருக்கு அருகில் போனால் முனைக்குப் பக்கத்திலேயே சென்சார் பிடித்துவிடும். வெளிச்சம் மங்கினாலோ குண்டு உயரத்தில் போனாலோ தடித்த நடுப்பகுதி வரும்வரை அது காத்திருக்கும். இரண்டு சென்சார்களும் ஒரே அளவு தாமதித்தால் பாதகமில்லை. முன் சென்சார் வெயிலிலும் பின் சென்சார் கூரை நிழலிலும் இருந்தால்தான் தொல்லை. ஒன்று முனையைப் பிடிக்க, மற்றது 5 மி.மீ. பின்னால் பிடித்தால் வேகத்தில் 6 மீட்டருக்கு மேல் காணாமல் போகும். சென்சார் இடைவெளி வெறும் 30 செ.மீ. உள்ள சிறிய கருவியில் இதே பிழை 13 மீட்டர். நடுவில் ஒரு மேகம் கடந்தால் அடுத்தடுத்த இரண்டு சூட்டுக்குள் பிழையின் அளவே மாறிவிடும்.

தாழ்ந்த வெயில் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். பக்கவாட்டில் வரும் ஒளி செம்பு உறையில் பட்டுச் சென்சாருக்குள் மின்னி, விழ வேண்டிய நிழலை அழித்துவிடும். காலையில் நன்றாக ஓடிய கருவி மாலையில் எண்களை விழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மூடிய ரேஞ்சில் குழல் விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து விநாடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கும். அந்தத் துடிப்பையே சில கருவிகள் நிழலாக எடுத்துக்கொள்ளும். சென்சாருக்கு மேலே ஒளியைச் சீராகப் பரப்பும் வெள்ளைத் தடுப்பான்களைச் சரியாக மாட்டுவது, கருவி முழுவதையும் ஒரே நிழலில் அல்லது ஒரே வெளிச்சத்தில் வைப்பது, எல்லாச் சூடுகளையும் சென்சாருக்கு மேலே ஒரே உயரத்தில் அனுப்புவது, புது பேட்டரி போடுவது ஆகிய நான்கையும் செய்தால் பாதிப் புகார் அங்கேயே தீரும்.

தூரமும் முக்கியம். பேரல் முனையிலிருந்து பீறிடும் வாயுவும் எரியாத பவுடர் துகள்களும் குண்டோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் ஓடும். கருவி மிக அருகில் இருந்தால் குண்டுக்கு முன் அவற்றைப் பிடித்துவிடும். சில நேரம் வெடிப்பு அலையையே பிடித்து, ஒலியின் வேகத்தை ஒட்டி 340 போன்ற எண்ணைக் காட்டும். பெரிய ரைஃபிளில், அதுவும் மஸில் பிரேக் (உதையைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டும் பாகம்) மாட்டியிருந்தால், 3 மீட்டர் போதாது, 4 அல்லது 5 மீட்டர் தள்ளி வைப்பது நல்லது. கருவியைச் சாய்வாக வைத்தால் வருவது வேறு வகைப் பிழை. 5 பாகை சாய்வு வேகத்தைச் சுமார் 3 மீட்டர் குறைத்துக் காட்டும், ஆனால் எல்லாச் சூட்டுக்கும் ஒரே மாதிரி. ஆகவே ஒரு நாளின் எஸ்.டி.யை அது கெடுக்காது. போன வாரச் சராசரியும் இந்த வாரச் சராசரியும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

பேரலிலேயே கட்டும் காந்த சென்சார் கருவிக்கு வெளிச்சத் தொல்லை இல்லை. பட்டை தளர்ந்தால் குண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி மாறும், எண்ணும் ஆடும். சில சூடுகளுக்கு ஒருமுறை பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும். பேரல் நுனியில் கூடுதல் எடை தொங்குவதால் குண்டு விழும் இடமும் நகரும். இலக்கில் குழு (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) பார்ப்பதையும் வேகம் பார்ப்பதையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

டாப்ளர் ரேடார் வந்த பிறகு பெரும்பாலான தலைவலி போய்விட்டது. 0.1 சதவீதம் துல்லியம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், 810-இல் அது 0.8 மீட்டர். ஆனால் ரேடார் பேரல் முனையில் அளப்பதில்லை. பறந்துகொண்டிருக்கும் குண்டைப் பல இடங்களில் அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு முனை வேகத்தைச் சொல்கிறது. குறி தவறி வைத்திருந்தாலோ குண்டு சிறியதாக இருந்து எதிரொலி பலவீனமாக வந்தாலோ கணக்குக்குக் கிடைக்கும் புள்ளிகள் குறைந்து, எண் ஆடும். பக்கத்து மேசைக்காரர் சுட்டது நம் பட்டியலில் ஏறுவதும் உண்டு. தனியே விழுந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படும் முன், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையும் பதிவுகளின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு சாட்சிகள்

கருவியையும் தோட்டாவையும் பிரிக்க மிக நல்ல வழி, ஒரே சூட்டை இரண்டு கருவிகளால் அளப்பது. இந்த யோசனை புதிதல்ல. ஓஹ்லர் 35பி என்ற கருவியில் மூன்று சென்சார்கள் இருந்தன. முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஒரு வேகம், முதலுக்கும் நடுவுக்கும் இடையே இன்னொரு வேகம் என்று ஒவ்வொரு குண்டையும் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கும். நண்பர் ஒருவரின் கருவியைக் கடன் வாங்கினால் நாமும் அதையே செய்யலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. முன்னால் உள்ள ஒளிக் கருவி 812, 815, 809, 784, 813 என்கிறது. அதற்கு 2 மீட்டர் அப்பால், இலக்கின் பக்கம் வைத்த இரண்டாவது கருவி 811, 813, 808, 810, 811 என்கிறது. பின் கருவி ஒன்றிரண்டு மீட்டர் குறைத்துச் சொல்வது இயல்பு, காற்றில் குண்டு அவ்வளவு வேகம் இழக்கும். ஆனால் நான்காவது சூடு பின்னால் 810 ஆக இருக்கிறது. பேரலைவிட்டு 784-இல் கிளம்பிய குண்டு வழியில் வேகம் கூட வாய்ப்பே இல்லை. ஆக, அந்த எண் முன் கருவி போட்ட எண். தோட்டாவின் மேல் குற்றமில்லை. இரண்டு கருவிகளுமே நான்காவதைக் குறைவாகக் காட்டியிருந்தால் தீர்ப்பு நேர்மாறு. அப்போதுதான் தராசையும் பிரைமரையும் பார்க்க வேண்டும்.

இருபது சூடு இப்படி எடுத்தால் இன்னும் ஆழமாகப் போகலாம். ஒவ்வொரு சூட்டுக்கும் இரண்டு கருவிகளின் வித்தியாசத்தை எழுதி, அந்த வித்தியாசங்களுக்கு எஸ்.டி. கண்டுபிடியுங்கள். தோட்டாவின் ஏற்ற இறக்கம் இரண்டு எண்ணிலும் பொதுவாக இருப்பதால் கழிந்துபோகும், மிஞ்சுவது கருவிகளின் பிழை மட்டுமே. இரண்டும் ஒரே ரகக் கருவி என்றால் அதை 1.4-ஆல் வகுத்தால் ஒரு கருவியின் பிழை கிடைத்துவிடும்.

இரண்டாவது கருவி கிடைக்காதவர்கள் சாட்சித் தோட்டா வைத்துக்கொள்ளலாம். நல்ல தரமான தொழிற்சாலைத் தோட்டாக்களை ஒரே லாட்டில் (ஒரே உற்பத்தித் தொகுதியில்) வாங்கி, கருவி நன்றாக ஓடிய நாளில் அளந்து, மீதியைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வரும் நாளில் முதலில் அவற்றைச் சுடுங்கள். அவையும் தாறுமாறாக வந்தால் அன்றைக்குக் கைத்தோட்டாவைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இனி எண்ணிக்கை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஐந்து சூட்டில் எஸ்.டி. 5 வந்தால், உண்மையான எஸ்.டி. 3 முதல் 14 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இது 95 சதவீத நம்பிக்கைக்கான கணக்கு. இருபது சூட்டில் அதே 5 வந்தால் இடைவெளி 3.8 முதல் 7.3 ஆகச் சுருங்கும். ஒரு லோடு மற்றொன்றைவிடச் சீரானது என்று அதே நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால், ஐந்து ஐந்தாகச் சுட்டால் ஒன்றின் எஸ்.டி. மற்றதைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். பத்துப் பத்தாகச் சுட்டால் இரண்டு மடங்கு. "இந்தப் பிரைமரில் 4, அந்தப் பிரைமரில் 7" என்று ஐந்து சூட்டில் கண்ட வித்தியாசத்தை வைத்துப் பெட்டிக்கணக்கில் பிரைமர் வாங்குவது வீண்செலவு.

உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வீச்சு இன்னும் மோசமான அளவுகோல். சுடச் சுட அது கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் புதிதாக வரும் எண் அதைப் பெரிதாக்கத்தான் முடியும். எஸ்.டி. 5 உள்ள அதே லோடில் மூன்று சூட்டில் வீச்சு சராசரியாக 8 வரும், பத்தில் 15, முப்பதில் 20. மூன்று சூட்டு வீச்சையும் பத்துச் சூட்டு வீச்சையும் அருகருகே வைத்துப் பேசுவதில் பொருளே இல்லை.

பவுடரை 0.2 கிரெயின் (பவுடர் எடையின் அலகு) வீதம் ஏற்றி, படிக்கு ஒரு சூடு சுட்டு, வேகம் ஏறாமல் நிற்கும் 'சமதளம்' தேடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. படிக்கு 3.5 மீட்டர் ஏற வேண்டும், எஸ்.டி. 5 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, மூன்றில் ஒரு படி வெறும் தற்செயலாலேயே ஏறாமல் நிற்கும் அல்லது இறங்கும். அதே ஏணியை மறுநாள் சுட்டால் சமதளம் வேறிடத்தில் தெரியும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே நிறையப் பவுடரும் பேரல் ஆயுளும் மிஞ்சும்.

தனியே விழுந்த எண்ணை அழித்துவிட்டு எஸ்.டி. போடுவதும் சரியில்லை. கருவி பிழை செய்ததற்கு வேறு ஆதாரம் இருந்தால் நீக்கலாம். எண் பிடிக்கவில்லை என்பது ஆதாரம் ஆகாது.

தோட்டாவின் பக்கம்

சரி, கருவி நேர்மையாகத்தான் இருக்கிறது, எண்ணிக்கையும் போதும், எஸ்.டி. 12-ஐ விட்டு இறங்கவில்லை என்றால்? இப்போது தோட்டாவைப் பார்க்கலாம். முதலில் செய்ய வேண்டியது, செலவே இல்லாதது: நிரப்பும்போதே தோட்டாக்களுக்கு மார்க்கரால் வரிசை எண் போடுங்கள். ரேஞ்சில் அவற்றைக் குலுக்கிக் கலந்து சுடுங்கள். வீட்டுக்கு வந்து வேகங்களை இரண்டு விதமாக அடுக்கிப் பாருங்கள், நிரப்பிய வரிசையில் ஒருமுறை, சுட்ட வரிசையில் ஒருமுறை. நிரப்பிய வரிசையில் மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ தராசு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சுட்ட வரிசையில் அப்படி ஏறினாலோ இறங்கினாலோ காரணம் பேரலின் வெப்பம், கரிப் படிவு அல்லது வெளிச்சம். இரண்டிலும் ஒழுங்கு தெரியவில்லை என்றால் ஒவ்வொரு தோட்டாவிலும் தனித்தனியே மாறும் ஏதோ ஒன்று: குண்டைப் பிடிக்கும் கழுத்து, பிரைமர், பவுடர் கிடக்கும் நிலை. கலக்காமல் சுட்டால் இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றாகிவிடும், எதையும் பிரிக்க முடியாது.

எலக்ட்ரானிக் தராசு சூடாகி நிலைப்பட நேரம் எடுக்கும். மின்விசிறிக் காற்று, பக்கத்தில் கிடக்கும் செல்போன் இரண்டும் அதை ஆட்டும். அளக்கும் பவுடர் எடைக்கு அருகிலான சோதனை எடைக்கல்லை அவ்வப்போது வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தராசின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. 0.1 கிரெயின் என்பது 6.5 மில்லிகிராம். .308 என்ற ரைஃபிள் தோட்டா அளவுள்ள கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூட்டில்) அது சுமார் 1.5 முதல் 2 மீட்டர் வேகம். எஸ்.டி. 12 இருக்கும்போது பவுடரை மணி மணியாக எண்ணி அளப்பதில் நேரம்தான் போகும்.

பவுடர் கிடக்கும் நிலையைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. கேஸ் நிறையாமல் காலி இடம் இருந்தால் பவுடர் சில நேரம் பிரைமர் பக்கம் குவியும், சில நேரம் குண்டின் பக்கம் ஓடும். பிரைமரின் தீ நேரே பவுடரில் பாய்வதும் காற்றைத் தாண்டிப் பாய்வதும் ஒன்றல்ல, வேகம் கணிசமாக மாறும். சோதிப்பது எளிது. ஐந்து தோட்டாக்களைக் குண்டு மேலே இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, கலையாமல் சேம்பரில் (பேரலில் தோட்டா அமரும் அறையில்) வையுங்கள். அடுத்த ஐந்தைக் குண்டு கீழே இருக்கும்படி தட்டி வையுங்கள். துப்பாக்கி முழு நேரமும் இலக்கை நோக்கியே இருக்கட்டும், தோட்டாவை மட்டும்தான் சாய்க்கிறோம். இரண்டு சராசரிகளும் பெரிதாக விலகினால் உங்கள் லோடு பவுடர் கிடக்கும் நிலைக்கேற்ப மாறுகிறது. கேஸை நன்றாக நிரப்பக்கூடிய வேறு பவுடரைக் கையேட்டிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான் தீர்வு. கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போவது தீர்வாகாது, மெதுவாக எரியும் பவுடர்களில் அது ஆபத்தும்கூட.

கழுத்துப் பிடி அடுத்தது. திரும்பத் திரும்பச் சுட்டு, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பித்தளை இறுகிப்போகும், குண்டைப் பிடிக்கும் பலம் கேஸுக்குக் கேஸ் மாறும். குண்டை அழுத்தும்போது நெம்புகோலில் அது கைக்கே தெரியும். ஒன்று வழுக்கிப் போகும், ஒன்று முரண்டு பிடிக்கும். முரண்டு பிடித்தவற்றைத் தனியே வைத்துச் சுட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அனீலிங் (கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவது) செய்வது, கழுத்துக்குள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பிரஷ் போடுவது, வழவழப்பு எண்ணெயைத் துடைத்தெடுப்பது எல்லாம் இங்கே உதவும். பிரைமர் குழியின் அடிவரை உட்காராவிட்டால் துப்பாக்கி ஊசி அடிக்கும் விசையில் ஒரு பகுதி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகும். போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் கெட்டியாகியிருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அதே கதைதான். பல கம்பெனிக் கேஸ்களைக் கலந்து நிரப்பினால் உள்கொள்ளளவு மாறுவதால் அழுத்தமும் வேகமும் மாறும்.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. வெயிலில் கிடந்த தோட்டாவும், சூடான சேம்பருக்குள் இரண்டு நிமிடம் காத்திருந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவைவிட வேகமாகப் போகலாம். புது பேரல் முதல் 100, 200 சூடுகளுக்குள் தானாகவே வேகம் கூடுவது வழக்கம். துடைத்த பேரலின் முதல் சில சூடுகளும் தனிக் கணக்கு.

கடைசியாக இலக்கு அட்டை. 100 மீட்டரில் அது வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் குறைந்தால் குண்டு 2 மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். அதே 10 மீட்டர், .308-இல் 1000 கெஜத்தில் சுமார் ஓரடி உயர வித்தியாசமாகிவிடும். ஆகவே தூர இலக்கில் மேல்-கீழ் சிதறலைப் பாருங்கள். எஸ்.டி. 12 என்று திரை சொல்லியும் குழு உயரத்தில் இறுக்கமாக நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பேரல் மேல்நோக்கி அதிரும் நேரத்தில் மெதுவான குண்டு சற்று உயரக் கிளம்பி, வேக வித்தியாசத்தைக் குறிப்பிட்ட ஒரு தூரத்தில் ஈடுகட்டிவிடுவது உண்டு. அதனால் ஒரே தூரத்து அட்டையை நம்பாமல், 600 மீட்டரிலும் 900 மீட்டரிலும் ஒவ்வொரு குழு எடுத்துப் பார்த்த பிறகே கருவியைக் குற்றம் சொல்லலாம்.